காத்திருந்தவர்களும் கண்டடைந்ததும்
‘மதர் 3’ என்னும் விளையாட்டைப் பற்றிய ஒரு திறனாய்வு

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி ஆயர்களும் இறையியல் மாணவரும் பேசும்போது பெரும்பாலும் எழுகின்ற வினா ஒன்றே: இளைஞர் அதில் எத்தனை மணி நேரத்தைச் செலவிடுகின்றனர்? இவ்வினா தேவையானதே, ஆயினும் போதுமானதன்று. ஒரு நூலைப் பற்றிப் பேசும்போது அதனைப் படித்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் கேட்டு நாம் அமைவதில்லை. அந்நூல் மனிதனைப் பற்றி என்ன கூறுகிறது, அது கூறுவது உண்மையா, அதனைப் படித்தவர் முன்னிலும் தெளிந்தவராக எழுகிறாரா என்றெல்லாம் கேட்கிறோம். அவ்வினாக்களையே ஒரு விளையாட்டின் முன்னும் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எடுத்துக்கொண்ட படைப்பு 2006ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த ‘மதர் 3’. இது பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு வகையைச் சார்ந்தது. அதாவது, விளையாடுபவர் கதைமாந்தர் ஒருவரின் இடத்தில் நின்று, ஒரு நெடுங்கதையினூடே பல நாள் நடந்து, உரையாடி, போரிட்டு, முடிவை எட்டுகின்ற வகை. இதற்கு முந்திய பாகம் 1994இல் வெளிவந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளும் இரசிகர்கள் காத்திருந்தனர். ஜப்பானிய மொழி அறியாதோர்க்கு 2006ஆம் ஆண்டோடும் காத்திருப்பு முடியவில்லை. இத்தனை ஆண்டுகள் ஒரு விளையாட்டுக்காகக் காத்திருத்தல் வீண் வேலை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் காத்திருந்தவர்கள் கையில் இறுதியாக வந்து சேர்ந்த படைப்பு, காத்திருத்தலைப் பற்றியே பேசுகின்ற படைப்பாக இருந்தது. இந்த ஒற்றுமையே நம்மை இங்கு நிறுத்திச் சிந்திக்கச் செய்கிறது.

1. தொடரின் வரலாறு

‘மதர்’ தொடரைப் படைத்தவர் ஷிகெசாட்டோ இட்டோய். இவர் விளையாட்டுத் துறையில் வளர்ந்தவர் அல்லர். விளம்பர வாசகங்கள் எழுதி ஜப்பானில் புகழ்பெற்றவர். 1989இல் நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபாமிகாம் கருவிக்காக முதற்பாகத்தை அமைத்தார். அக்காலத்து விளையாட்டுகள் பலவும் வாளும் கோட்டையும் மந்திரவாதியும் நிறைந்த பழங்கதை உலகையே நாடின. இட்டோயோ அமெரிக்கச் சிற்றூர் ஒன்றை ஒத்த இடத்தையும், பந்தடிக்கும் மட்டையைக் கையில் ஏந்திய ஒரு சிறுவனையும் எடுத்துக்கொண்டார். தொலைபேசியில் குரலாக மட்டும் கேட்கும் தந்தை, வீடு திரும்பும்போதெல்லாம் உணவளிக்கும் தாய் என்னும் அமைப்பு இத்தொடரில் இவ்வாறு தொடங்கிற்று.

இரண்டாம் பாகம் 1994 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் உருவாக்கம் நடுவழியில் சிக்குண்டபோது, பிற்காலத்தில் நின்டெண்டோவின் தலைவரான சட்டோரு இவாட்டா உதவிக்கு வந்தார். இருப்பதைத் திருத்தினால் இரண்டு ஆண்டாகும், அடிப்படையிலிருந்து மீண்டும் தொடங்கினால் அரையாண்டு போதும் என்று அவர் கூறியது இத்துறையில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. இப்பாகம் 1995 ஜூனில் ‘எர்த்பவுண்ட்’ என்னும் பெயரில் அமெரிக்காவுக்குச் சென்றது. துர்நாற்றத்தை நகைச்சுவையாக்கிய விளம்பரங்களோடு அங்கு விற்கப்பட்டது. விற்பனையோ எதிர்பார்த்த அளவுக்கு இல்லை. ஆயினும் வாங்கியவருள் ஒரு பகுதியினர் அதனை மறக்கவில்லை.

மூன்றாம் பாகத்தின் வேலை 1994இலேயே தொடங்கிற்று. முதலில் சூப்பர் ஃபாமிகாமுக்காக எண்ணப்பட்டு, பின்னர் முப்பரிமாணக் காட்சி தரும் நின்டெண்டோ 64 கருவிக்கு மாற்றப்பட்டது. 1999இல் அதன் காட்சிகள் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டன. ஓராண்டு கழித்து, 2000 ஆகஸ்டில், வேலை கைவிடப்பட்டது. இட்டோயும் இவாட்டாவும் ஷிகெரு மியாமோட்டோவும் ஒன்றாக அமர்ந்து, ஏன் இயலாமற்போயிற்று என்பதை உரையாடி, அவ்வுரையாடலை வெளியிட்டனர். தோல்வியை மறைக்காமல் இரசிகர் முன் வைத்த இச்செயல் மதிக்கத்தக்கது. 2003இல், முதலிரு பாகங்களும் சேர்ந்து கேம்பாய் அட்வான்ஸ் என்னும் கைக்கருவிக்கு வெளிவந்தபோது, மூன்றாம் பாகமும் அக்கருவிக்கே மீண்டும் உருவாக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. முப்பரிமாணம் கைவிடப்பட்டது, சிறிய திரையில் எளிய ஓவியமாகக் கதை மீண்டும் எழுந்தது.

2. எதற்காகக் காத்திருந்தனர்?

இரண்டாம் பாகத்தின் இறுதிக் காட்சியை அறியாமல் இக்காத்திருப்பின் வேரை அறிய இயலாது. கதையின் நாயகனான நெஸ் என்னும் சிறுவனும் அவன் தோழர் மூவரும் கீகாஸ் என்னும் தீய ஆற்றலின் முன் நிற்கின்றனர். அத்தீமைக்கு உருவமில்லை, அறிவும் சிதைந்துவிட்டது. எந்தப் படைக்கலமும் அதனை வெல்லவில்லை. அந்நிலையில் பவுலா என்னும் சிறுமி மன்றாடத் தொடங்குகிறாள். அவள் மன்றாட்டு, வழியில் அவர்கள் சந்தித்த எளிய மனிதரை ஒவ்வொருவராகச் சென்றடைகிறது. அவர்களும் எங்கோ இருந்தபடி இச்சிறுவருக்காக மன்றாடுகின்றனர். கடைசியில், கதைக்குள் இல்லாத ஒருவரை அது எட்டுகிறது. விளையாட்டு முன்னரே கேட்டு வைத்திருந்த, விளையாடுபவரின் சொந்தப் பெயர் திரையில் தோன்றுகிறது. கையில் கருவியை ஏந்தி அமர்ந்திருப்பவரே மன்றாடுகிறவர் ஆகிறார். தீமை வீழ்கிறது.

இக்காட்சியைக் கண்டவுடன் அருளுரைக்கு ஓர் உவமை கிடைத்தது என்று நாம் விரைந்துவிடலாகாது. பவுலாவின் மன்றாட்டு யாரை நோக்கியது என்று விளையாட்டு சொல்வதில்லை. மனிதர் ஒருவரையொருவர் நினைத்தல் என்னும் அளவிலேயே அது நின்றுவிடுகிறது என்று கூறுவோரையும் மறுப்பதற்கில்லை. அதற்கு நாம் திருமுழுக்குக் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்கலாம். போர்த்திறனைப் படிப்படியாக வளர்ப்பதையே விதியாகக் கொண்ட ஒரு கலைவடிவம், தன் உச்சத்தில் அத்திறன் முழுவதும் பயனற்றது என்று ஒப்புக்கொண்டு, பிறரின் நினைவில் மட்டுமே மீட்பைக் கண்டது. பத்துப் பன்னிரண்டு வயதில் தம் பெயரைத் திரையில் கண்ட சிறுவர், தம்மை யாரோ அழைத்ததாக உணர்ந்தனர். அழைக்கப்பட்டவர் மீண்டும் அக்குரலைக் கேட்கக் காத்திருப்பது இயல்பே.

அக்கதை முடிந்தபின் மற்றொன்றும் நிகழ்கிறது. நெஸ்ஸின் அண்டை வீட்டுச் சிறுவனும் பகைவனுடன் சேர்ந்தவனுமாகிய போர்க்கி தப்பியோடிவிடுகிறான். முடிந்தால் தன்னைப் பிடிக்கும்படி ஏளனமாக ஒரு கடிதம் அனுப்புகிறான். அக்கடிதத்திற்கான விடையையே இரசிகர்கள் பன்னிரண்டு ஆண்டுகள் எதிர்பார்த்திருந்தனர்.

3. வந்து சேர்ந்த கதை

ஆனால் ‘மதர் 3’ அந்த இடத்திலிருந்து தொடங்கவில்லை. தீவொன்றில் டாஸ்மிலி என்னும் சிற்றூர். அங்கே பணம் என்பதே இல்லை; கதவுகளுக்குப் பூட்டு வேண்டியதில்லை. ஃபிளிண்ட், அவன் மனைவி ஹினாவா, இரட்டைப் பிள்ளைகளாகிய லூக்காஸ், கிளவுஸ் என்போர் ஒரு குடும்பம். முதல் அத்தியாயத்திலேயே ஹினாவா கொல்லப்படுகிறாள். சாதுவாக இருந்த காட்டு விலங்கொன்றை, பன்றி முகமூடி அணிந்த படையினர் பாதி இயந்திரமாக மாற்றியிருந்தனர்; அதன் பல் அவள் இதயத்தைத் துளைத்துவிட்டது. ‘தாய்’ என்று பெயர் சூட்டிய தொடர், தாயின் இறப்போடு தன் மூன்றாம் பாகத்தைத் தொடங்குகிறது. செய்தியைக் கேட்ட ஃபிளிண்ட் வெறிகொண்டு, ஆறுதல் கூற வந்த அண்டை வீட்டாரையே அடிக்கிறான். ஊரார் அவனைக் கட்டுப்படுத்திச் சிறையில் வைக்கின்றனர். தாயின் கொலைக்குப் பழிவாங்கச் சென்ற கிளவுஸ் திரும்பவில்லை.

பின்னர் ஒரு வணிகன் ஊருக்கு வருகிறான். நீங்கள் உண்மையில் மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா என்னும் ஐயத்தை முதலில் விதைத்து, பிறகு ‘மகிழ்ச்சிப் பெட்டி’ என்னும் ஒளிவிடும் பெட்டிகளை வழங்குகிறான். மூன்று ஆண்டுகள் கழிகின்றன. ஊருக்குள் இரயில் வந்துவிட்டது, பணம் வந்துவிட்டது, முதியோர் பாழடைந்த விடுதியொன்றில் ஒதுக்கப்பட்டுவிட்டனர். மாலைதோறும் மக்கள் பெட்டியின் முன் அமர்கின்றனர். பெட்டியை ஏற்காத வீடுகளின்மேல் இடி விழுகிறது. விளம்பரத் துறையில் வாழ்ந்த ஒருவர், ஒளிவிடும் பெட்டிகளுக்காகவே விற்கப்படும் ஒரு விளையாட்டுக்குள் இதனை எழுதினார் என்பதை நோக்குக. வெளியில் நின்று பிறரைக் கடியும் எழுத்து அன்று அது. தன் கை விற்ற பொருளைத் தானே ஆராயும் எழுத்து.

இதற்கெல்லாம் காரணமானவன் போர்க்கி. காலங்களினூடே பாய்ந்து பாய்ந்து, எத்தனை ஆண்டு வாழ்ந்தான் என்று கணக்கிட இயலாத முதுமை எய்தியும், மனத்தளவில் சிறுவனாகவே நின்றுவிட்டவன். தீவில் உறங்கும் பேராற்றல் ஒன்றை எழுப்ப ஏழு ஊசிகளைப் பிடுங்க வேண்டும். பிடுங்குபவனின் உள்ளம் எத்தகையதோ அத்தகையதாகவே அவ்வாற்றலும் எழும். ஊசிகளைப் பிடுங்க வல்லவர் இருவர்: லூக்காஸ் ஒருவன், போர்க்கியின் படைத்தலைவனான முகமூடி அணிந்த மனிதன் மற்றொருவன். அம்முகமூடிக்குள் இருப்பவன் காணாமற்போன கிளவுஸ் என்பது இறுதியில் வெளிப்படுகிறது.

4. காத்திருத்தலின் மூன்று நிலைகள்

இக்கதையைக் காத்திருப்போர் கதையாக வாசிக்கலாம் என்பது எமது துணிபு. இதில் மூன்று நிலைகள் தெளிவாக வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன.

முதலாவது, மறந்துவிட்டவர்களின் நிலை. கதையின் பிற்பகுதியில், ஊரில் வாய்திறவாது மணியடித்து வந்த லெடர் என்னும் நெட்டை மனிதன் பேசுகிறான். டாஸ்மிலி மக்கள் அழிந்துபோன ஓர் உலகத்தின் எச்சம். வெள்ளைக் கப்பலொன்றில் இத்தீவுக்கு வந்தவர்கள். பழைய உலகை அழித்த குற்றங்களை மீண்டும் செய்யாதிருக்க, தம் நினைவுகளை ஒரு முட்டைக்குள் பூட்டி வைத்துவிட்டு, புதிய பெயரும் புதிய உறவும் ஏற்று வாழ்ந்தனர். நாம் ஏதேன் என்று எண்ணிய ஊர், மறதியின்மேல் கட்டப்பட்டது. நினைவில்லாதவர்களுக்குக் காத்திருக்க ஒன்றுமில்லை. காத்திருக்க ஒன்றுமில்லாத இடத்தில் பெட்டி விற்பவன் எளிதில் நுழைகிறான். எல்லாருக்காகவும் நினைவைச் சுமந்தவன் லெடர் ஒருவனே. அவன் மணியோசை, பொருள் தெரியாமலே ஊரார் கேட்டு வந்த நினைவூட்டலாகும். திருச்சபையின் கோபுர மணிகளைப் பற்றியும் நாம் இதே வினாவை எழுப்பலாம்.

இரண்டாவது, சேமித்து வைப்பவனின் நிலை. இது போர்க்கியினுடையது. அவன் கட்டிய மாநகரில் ஒரு திரையரங்கு உள்ளது. அங்கே நெஸ்ஸின் பழைய பயணக் காட்சிகள், அதாவது இரண்டாம் பாகத்தின் காட்சிகள், திரையிடப்படுகின்றன. தன்னோடு விளையாட யாருமில்லாமையால், காலங்களினின்று மனிதரைக் கவர்ந்து வந்து, அவர்கள் மனத்தை மாற்றித் தன் ஏவலராக்கினான். கடந்த காலத்தைக் காட்சிப் பொருளாக்கி, நிகழ்காலத்தைத் தன் அறையின் பொம்மையாக்கினான். கடைசியில், எத்தீங்கும் அணுக முடியாத உறையொன்றுக்குள் புகுந்து தாழிட்டுக்கொள்கிறான். அது முற்றிலும் பாதுகாப்பானதே: வெளியிலுள்ள எதுவும் அவனைத் தீண்டாது, அவனும் வெளியிலுள்ள எதையும் தீண்டான். இறப்பில்லை, வெளியே வர வழியுமில்லை. தண்டிக்க எவரும் வரவில்லை. அவன் விரும்பியதே அவனுக்குக் கிடைத்தது.

இங்கேதான் ‘மதர் 3’ தன் இரசிகர்களோடு கடுமையாகப் பேசுகிறது. பழைய விளையாட்டை மறவாமல், அதன் ஒவ்வொரு காட்சியையும் சேர்த்து வைத்து, அதே இன்பம் மீண்டும் வேண்டுமென்று பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவன் யார்? கதைக்குள் போர்க்கி, கதைக்கு வெளியே இரசிகன். நெஸ்ஸைத் திரையரங்கில் கண்டு நெகிழ்கின்ற இரசிகன், அத்திரையரங்கைக் கட்டியவன் யாரென்று அறியும்போது திடுக்கிடுகிறான். தன் அன்பில் எவ்வளவு அன்பு, எவ்வளவு உடைமை வேட்கை என்று தன்னையே ஆராயும்படி அவன் தள்ளப்படுகிறான். தன்னை வாங்குவோரை மகிழ்விக்கவே படைக்கப்படும் ஒரு பண்டம் இத்துணிவு கொள்வது அரிது.

மூன்றாவது, தேடுகிறவனின் நிலை. இது ஃபிளிண்டினுடையது. மகன் இறந்திருப்பான் என்று பிறர் எண்ணிய பின்னும், அவன் ஆண்டுக்கணக்கில் மலைகளில் தேடி அலைகிறான். இதனையும் விளையாட்டு ஒரே வண்ணத்தில் தீட்டவில்லை. காணாமற்போன மகனைத் தேடும் தந்தைக்கு, வீட்டிலிருக்கும் மகனைக் காணக் கண்ணில்லாமற்போயிற்று. லூக்காஸ் தனியே வளர்கிறான். முந்திய பாகங்களில் தந்தை தொலைபேசிக் குரல்; இங்கோ உடலோடு ஊரில் இருந்தும் இல்லாத தந்தை. தேடல் உயர்ந்தது, ஆயினும் அருகிலிருப்பவரை மறக்கச் செய்யும் தேடல் குறையுடையது. இறுதிப் போரில், சகோதரன்மேல் கையோங்க மாட்டாமல் நிற்கும் லூக்காஸின்மேல் விழவிருந்த அடியை ஃபிளிண்ட் தன்மேல் ஏற்கும்போதுதான் அக்குறை தீர்கிறது. காத்திருந்த தந்தை அவ்விடத்தில் இரு பிள்ளைகளுக்கும் தந்தையாகிறான்.

5. படைப்பின் குறைகள்

நடுநிலை தவறாத திறனாய்வு குறைகளையும் கூறுதல் வேண்டும். முதலாவதாக, ஊசிகளைத் தேடிச் செல்லும் ஏழாம் அத்தியாயம், இடம் மாறி இடம் ஒரே செயலைத் திரும்பச் செய்விக்கிறது. முற்பகுதியின் செறிவு அங்கே தளர்ந்துவிடுகிறது. இரண்டாவதாக, கதையின் பொருளையே மாற்றும் பேருண்மை, லெடரின் ஒரே நெடும் உரையில் அடைக்கப்பட்டுள்ளது. நாமே நடந்து கண்டறிய வேண்டியதை நின்று கேட்க நேர்கிறது. விளையாட்டு என்னும் வடிவத்தின் தனி ஆற்றல் செயலில் உள்ளது. அவ்வாற்றலை மிகவும் தேவைப்பட்ட இடத்தில் ஆசிரியர் பயன்படுத்தவில்லை. மூன்றாவதாக, ஊசிகளைக் காப்பவர்களான மஜிப்சிகள் என்போரின் சித்தரிப்பு கேலிக்கும் பரிவுக்கும் இடையே தடுமாறுகிறது. தாம் காத்த ஊசி பிடுங்கப்படும்போது அமைதியாக மறையும் அவர்களுக்கு அதனினும் மதிப்பான உருவம் தகும்.

பழைய சிற்றூர் நல்லது, புதிய நகரம் தீயது என்னும் எளிய வாய்பாட்டில் இப்படைப்பு விழுந்துவிட்டது என்ற குறையையும் சிலர் கூறக்கூடும். முதல் ஆறு அத்தியாயங்களை மட்டும் காண்போருக்கு அவ்வாறு தோன்றலாம். ஆனால் அச்சிற்றூரும் செயற்கையாக அமைக்கப்பட்டதே என்னும் வெளிப்பாடு அவ்வாய்பாட்டைத் தகர்த்துவிடுகிறது. திரும்பிச் செல்ல ஒரு பொற்காலம் இல்லை என்பதே படைப்பின் முடிந்த கருத்து.

6. மொழிபெயர்த்தவர்கள்

இனி, கதைக்கு வெளியே காத்திருந்தவர்களை நோக்குவோம். ‘மதர் 3’ ஆங்கிலத்தில் வெளியிடப்படவில்லை. மேலைநாட்டு இரசிகர்கள் மனுக்கள் எழுதினர். தொகுப்பு நூல் ஒன்றைத் தயாரித்து நிறுவனத்துக்கு அனுப்பினர். விடை வரவில்லை. 2008இல், நின்டெண்டோவின் பாத்திரங்கள் பலர் ஒன்றுகூடும் வேறொரு விளையாட்டில் லூக்காஸ் தோன்றினான். அவன் முகத்தை உலகம் கண்டது. அவன் கதையைப் படிக்க வழியில்லை.

இந்நிலையில் 2006 நவம்பரில் இரசிகர் குழு ஒன்று மொழிபெயர்ப்பை அறிவித்தது. அதன் முன்னின்றவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின். வேலை ஏறத்தாழ இரண்டு ஆண்டு நீடித்தது. சொற்களை மாற்றுவது மட்டும் அவர்கள் வேலையாக இருக்கவில்லை. ஜப்பானிய எழுத்துகளுக்காக அமைந்த திரையில் ஆங்கில எழுத்துகள் அகலத்திற்கேற்ப அமைய, எழுத்தைக் காட்டும் நிரலையே மாற்றி எழுத வேண்டியிருந்தது. சொல் விளையாட்டுகளையும், மாந்தர் ஒவ்வொருவரின் பேச்சு வேறுபாட்டையும் மீண்டும் படைக்க வேண்டியிருந்தது. 2008 அக்டோபரில் மொழிபெயர்ப்பு வெளியிடப்பட்டது. அவர்கள் விளையாட்டை வழங்கவில்லை. அதன்மேல் பொருத்திக்கொள்ளும் மொழிபெயர்ப்பை மட்டுமே இலவசமாக வழங்கினர். 2013இல் மாண்டலின், தம் மொழிபெயர்ப்பை நின்டெண்டோ எவ்விதக் கட்டணமுமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் முன்வந்தார்.

இச்செயலைச் சட்டத்தின் கண்கொண்டு நோக்கினால் கேள்விகள் எழாமலில்லை. படைப்பின் உரிமை நிறுவனத்தினுடையது. உரியவரின் இசைவின்றி மொழிபெயர்த்தல் நெறியா என்னும் ஐயத்தை இலேசாக ஒதுக்குதல் தகாது. இலவசம் என்பதனால் மட்டும் ஒரு செயல் நேர்மையாகிவிடாது. ஆயினும் இக்காத்திருப்பின் தன்மையை அறிய அது உதவுகிறது. மொழி அறிந்தவர்கள் தம்மளவில் விளையாடி மகிழ்ந்து அமைந்திருக்கலாம். ஜப்பானிய மொழி கற்ற மாண்டலினுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. படிக்க இயலாதவர்களுக்கே அது தேவைப்பட்டது. தனக்குக் கிடைத்ததைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல், அதனைப் பெற இயலாதவன் பக்கம் திரும்பிய இடத்தில் இரசிகன் போர்க்கியினின்று பிரிகிறான். மொழிபெயர்ப்பு என்னும் பணியை அறிந்த இறையியலாருக்கு இது புதிய செய்தியன்று. எனினும் அப்பணியின் மனநிலையை எதிர்பாராத இடத்தில் காண்பது நம்மை ஊக்குவிக்க வேண்டும்.

காத்திருப்பின் மற்றொரு கனியையும் குறிப்பிடலாம். ‘எர்த்பவுண்ட்’ இரசிகர் வட்டத்தில் வளர்ந்த டோபி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் 2015இல் ‘அண்டர்டேல்’ என்னும் விளையாட்டை வெளியிட்டார். அதில் எதிரே வருபவரைக் கொல்லாமலே இறுதிவரை செல்ல இயலும். இரக்கம் காட்டுதல் விளையாட்டின் விதிகளுள் ஒன்று. பவுலாவின் மன்றாட்டுக்குப் பின் இத்தொடரின் உலகில் கேட்கப்பட வேண்டிய அடுத்த வினாவை அவர் கேட்டார் எனலாம். அவர் அடுத்த பாகத்தைப் பெறவில்லை. காத்திருந்த காலத்தில் கற்றதைக்கொண்டு தாமே ஒன்றைப் படைத்தார்.

7. உரிமையா, கொடையா?

நான்காம் பாகம் எழுதும் எண்ணம் தமக்கில்லை என்று இட்டோய் பலமுறை கூறிவிட்டார். இரசிகருள் சிலர் இதனை ஏற்க மறுக்கின்றனர். இத்தனை ஆண்டு அன்பு செலுத்திய எங்களுக்கு அவர் கடன்பட்டவர் அல்லரா என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தில் ஒரு பிழை உள்ளது. அன்பு கணக்கேட்டில் எழுதப்படும்போது அன்பாக இருப்பதில்லை. முதலிரு பாகங்கள் அவர்களுக்கு வந்தபோது, அவர்கள் கேட்டு வந்தவை அல்ல அவை. கொடையாகப் பெற்றதைக் காட்டி அடுத்ததை உரிமையாகக் கோருதல், முதற் கொடையின் இயல்பையும் மறந்துவிடுதலாகும்.

எனினும் காத்திருந்தவர்கள் முற்றிலும் வெறுங்கையராக விடப்படவில்லை. ஆங்கில வடிவம் 1990ஆம் ஆண்டளவில் முடிக்கப்பட்டும் வெளியிடப்படாதிருந்த முதற்பாகம், கால் நூற்றாண்டு கழித்து 2015 ஜூனில் முறைப்படி வெளிவந்தது. ‘மதர் 3’ 2024 பிப்ரவரியில் நின்டெண்டோவின் அப்போதைய கருவிக்கு மீண்டும் வெளியிடப்பட்டபோதோ, அது ஜப்பானிய உறுப்பினர்களுக்கு மட்டுமே ஆயிற்று. ஒரு கதவு திறந்தது. மற்றொன்று மூடியே நின்றது.

8. முடிவுரை

இக்காத்திருப்பைப் பற்றிய இறுதிச் சொல்லை விளையாட்டின் இறுதிக் காட்சியே கூறுகிறது. முகமூடி கழன்ற கிளவுஸ், தாயின் குரலைக் கேட்டு, தன் நினைவு மீண்டு, சகோதரனின் கைகளில் உயிர் விடுகிறான். லூக்காஸ் அழுதுகொண்டே கடைசி ஊசியைப் பிடுங்குகிறான். நிலம் பிளக்கிறது, உலகம் கவிழ்கிறது, திரை இருள்கிறது. ‘முடிவு’ என்னும் சொல் தோன்றுகிறது. அதனையடுத்து ஒரு வினாக்குறி. கருவியைக் கீழே வைத்துவிடுபவர் உண்டு. வைக்காமல் அவ்விருளில் நடந்து பார்ப்பவர், குரல்களைக் கேட்கிறார். ஊரார் ஒவ்வொருவராக எதிர்ப்பட்டு, தாங்கள் நலமாயிருப்பதாகக் கூறுகின்றனர். விளையாடுபவரைப் பெயர் சொல்லி அழைத்து நன்றி கூறுகின்றனர். ஆனால் அவர்களைக் காண இயலவில்லை. புதிய உலகம் எத்தகையது என்பது காட்டப்படவே இல்லை.

பன்னிரண்டு ஆண்டு காத்திருந்தவர்களுக்கு, காண்பதற்கு ஒன்றும் தராமல், கேட்பதற்கு ஒரு குரலை மட்டும் இட்டோய் தந்தார். இதனை ஏமாற்றம் என்று கூறினோர் உண்டு. எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. காத்திருந்த பொருளைக் கையில் கொடுத்து முடித்துவிட்டிருந்தால், அது மற்றொரு மகிழ்ச்சிப் பெட்டியாகவே இருந்திருக்கும். ஊசியைப் பிடுங்கியவனின் உள்ளம் எத்தகையதோ அத்தகையதே வரும் உலகம் என்று முன்னரே கூறிவிட்டமையால், இருளில் நிற்கும் விளையாடுபவர் ‘என்ன வரும்?’ என்னும் வினாவினின்று ‘நான் எத்தகையவன்?’ என்னும் வினாவுக்குத் திருப்பப்படுகிறார்.

நம் சபைகளின் இளைஞருள் இத்தகைய படைப்புகளோடு வளர்ந்தவர் உளர். ஏதோ ஓர் அடுத்த பாகத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் அவர்களை நோக்கி, இது வீண் என்று கூறுவது எளிது. அதைவிடப் பயனுள்ள வினா ஒன்று உண்டு: நீ காத்திருக்கும் இக்காலத்தில், உனக்குத் தெரிந்த மொழியை அறியாத யாருக்காக எதை மொழிபெயர்த்தாய்? இவ்வினாவை அவர்களிடம் கேட்பதற்குமுன், காத்திருத்தலையே தொழிலாகக் கொண்ட நாம் நம்மிடம் கேட்டுக்கொள்வது முறையாகும்.